கோப்பின் மேல் ஒட்டிய சீட்டு

குன்னூரில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் நடத்தும் மாலை வகுப்பிற்காக, ஃபெடோரா லினக்ஸ் கணினியில் கணக்குப் பாடங்களை எழுதி, என் இல்லக் கோப்புறையிலிருந்து இணையதளக் கோப்புறைக்கு மாற்றினேன். யாவரும் படிக்கலாம் என அனுமதி அளித்திருந்தும், தேர்வுக்கு முதல்நாள் ஒருவராலும் அவற்றைத் திறக்க இயலவில்லை.

தடுத்தது எஸ்.ஈ.லினக்ஸ் என்னும் காவல்முறை. 2003இல் லினக்ஸ் கருவில் சேர்க்கப்பட்ட அது, கோப்பு ஒவ்வொன்றின்மேலும் ஒரு சீட்டை ஒட்டிவைக்கிறது. தேயிலை மூட்டையின் குறி தவறாயிருப்பின், கிடங்கு திறந்திருந்தும் ஏற்றுவோர் அதைத் தொடார் அல்லவா? அவ்வாறே இதுவும். 'எம்வி' கட்டளையால் இடம்பெயர்ந்த கோப்பு பழைய சீட்டுடனேயே வரும். 'சிபி'யால் நகலெடுத்திருந்தால் புதிய இடத்தின் சீட்டுக் கிட்டியிருக்கும். நான் செய்தது முன்னதை.

காவலையே நிறுத்திவிடுமாறு நண்பர் ஒருவர் சொன்னார். ஒரு சீட்டின் பிழைக்காகக் கணினி முழுவதையும் காவலின்றி விடுவதா? 'சிஎச்கான்' கட்டளையால் சீட்டை மாற்றினேன், பாடங்கள் திறந்தன. பிள்ளைகள் அன்றிரவே கணக்குகளைப் போட்டுப் பார்த்தனர்.

உண்மையில், விதியேட்டைப் பார்த்துச் சீட்டிடும் 'ரெஸ்டோர்கான்' ஒன்றே இணையதளக் கோப்புறைக்குப் போதும். நாமே புதிதாக வகுத்த இடமாயின், முதலில் 'செமானேஜ்' கட்டளையால் விதியேட்டில் எழுதி, அதன்பின் ரெஸ்டோர்கான் இடல் வேண்டும். இன்றேல், மீண்டும் சீட்டிடும்போது சிஎச்கான் செய்த மாற்றம் அழிந்துபோம்.