501-ஆவது யூனிட்டும் 35 ஓம் எர்த்தும்

இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடிய வீட்டுக்குத் தமிழ்நாட்டில் மின் கட்டணம் 1,805 ரூபாய். 501 யூனிட் ஓடினால் 2,048 ரூபாய் 40 காசு. கூடுதலாக ஓடிய அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு. 500-க்குள் நின்றவருக்கு 101 முதல் 200 வரையிலான அடுக்கு யூனிட்டுக்கு 2.35 ரூபாய், தாண்டியவருக்கு அதே நூறு யூனிட்டும் 4.70 ரூபாய். அந்த வகையில் 235 ரூபாய், 501-ஆவது யூனிட்டுக்கு 8.40 ரூபாய். 2024 ஜூலை 1 முதல் நுகர்வோர் செலுத்திய விகிதப்படி போட்ட கணக்கு இது. 2025 ஜூலையில் வந்த 3.16 சதவீத உயர்வை வீட்டு இணைப்புகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டது.

வட சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் மூன்று மின்விசிறி உள்ள ஒரு வீட்டை மாதிரியாக வைத்து, கோடையின் 60 நாளைக் கூட்டிப் பார்க்கலாம். 75 வாட் மின்விசிறி மூன்று, நாளுக்கு 18 மணி நேரம்: 243 யூனிட். சராசரி 700 வாட் இழுக்கும் ஒரு டன் ஏ.சி., இரவில் 6 மணி நேரம்: 252. ஃபிரிட்ஜ் 42. டி.வி. 22. தண்ணீர் மோட்டார், விளக்கு, மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் சேர்ந்து 52. மொத்தம் 611 யூனிட், கட்டணம் 2,983 ரூபாய் 95 காசு. ஏ.சி. இல்லாவிட்டால் 359 யூனிட், 982 ரூபாய் 30 காசு. ஏ.சி. ஓடியது 252 யூனிட்தான். ஆனால் தொகை மூன்று மடங்காகிவிடுகிறது.

மின்விசிறியை மாற்றினால் என்ன ஆகும்? 28 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி ஒன்று இதே ஓட்டத்தில் ஏறத்தாழ 51 யூனிட்டை மிச்சப்படுத்தும். முதல் மின்விசிறியை மாற்றினால் கணக்கு 560 யூனிட்டுக்கு இறங்கும். மிச்சம் 440 ரூபாய். இரண்டாவதை மாற்றினால் 509 யூனிட்; மிச்சம் 428 ரூபாய். மூன்றாவதில் 459 யூனிட். மிச்சம் 569 ரூபாய். ஒரே சாமான், ஒரே அளவு மிச்சம் என்றாலும், 500 என்ற கோட்டைத் தாண்டி இறக்குவது மூன்றாவதுதான். இரண்டோடு நிறுத்தியவர் அதிக லாபத்தை விட்டுவிடுகிறார். ஒன்று ஏறத்தாழ 3,000 ரூபாய் என்று வைத்தால் முதலீடு 9,000. ஒரு கோடைக் கணக்கெடுப்பில் திரும்புவது 1,437 ரூபாய்.

மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் இந்தத் தொகைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். 2016 வரை அது 45 நாளாக இருந்தது. ஒரு மின் கணக்கெடுப்பின் நீளமும் ஏறத்தாழ அதே 60 நாள். கடலுக்குப் போகிறவர் பகலிலும் வீட்டில் இருப்பதும், கத்திரி வெயிலும், வருமானம் நிற்பதும் ஒரே பில்லில் வந்து சேரக்கூடும். தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. அதில் 982 ரூபாய் என்பது 12.3 சதவீதம், 2,984 ரூபாய் என்பது 37.3 சதவீதம்.

வீட்டின் 500 யூனிட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க, எண்ணூரை ஒட்டிய அத்திப்பட்டு, வல்லூர் பகுதியில் நிற்கும் நிலக்கரி மின் நிலையங்களின் நிறுவுதிறனை இங்கே சொல்லிவிடலாம். வட சென்னை அனல் மின் நிலையத்தின் மூன்று கட்டங்கள் 630, 1,200, 800 மெகாவாட், வல்லூர் 1,500. கூட்டினால் 4,130 மெகாவாட். முழுத் திறனில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் 41.3 லட்சம் யூனிட், அதாவது 8,260 வீடுகள் தலா 500 யூனிட்டாக இரண்டு மாதம் ஓட்டும் அளவு.

மீண்டும் வீட்டுக்குள் வருவோம். ஏ.சி. பிளக் டாப்பைக் கழற்றிப் பார்த்தால், கடற்கரையை ஒட்டிய தெருக்களில் பித்தளை ஊசியின் அடிப்பகுதி பச்சை பூத்திருக்கும். பக்கத்துப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும். அந்த இணைப்பில் 1 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். 5 ஆம்பியர் ஓடும்போது அங்கே 25 வாட் வெப்பம் எழும். மின்னணுப் பட்டறையில் ஈயப் பற்று வைக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்றின் திறன் அது. மின்னழுத்த இழப்போ 5 வோல்ட்தான், 230-இல் 2.2 சதவீதம், ஏ.சி. வழக்கம்போல் ஓடும், யாருக்கும் தெரியாது. நாளுக்கு 6 மணி நேரம், 60 நாள் ஓடினால் வீணாவது 9 யூனிட். 500-இல் நிற்க வேண்டிய வீடு 509-க்குப் போனால் 1,805 ரூபாய் 2,115 ரூபாய் 60 காசாகிறது. புதுப் பிளக் டாப்பின் விலை இந்த 310 ரூபாயைத் தொடாது.

உப்புக்காற்று எவ்வளவு வேகமாகத் தின்னும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 9223 தரத்தில் எண் இருக்கிறது. மிதமான சி3 சூழலில் துத்தநாகப் பூச்சு ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் கரையும். உப்பும் தொழிற்சாலைப் புகையும் கடுமையாக உள்ள சி5 சூழலில் 4.2 முதல் 8.4 மைக்ரான். மண்ணுக்கு மேல் தெரியும் எர்த் பட்டை, கிளாம்ப் ஆகியவற்றில் 70 மைக்ரான் பூச்சு இருந்தால், சி3-இல் குறைந்தது 33 ஆண்டு தாங்கும். சி5-இன் மேல் எல்லையில் 8 ஆண்டு 4 மாதம். திருவொற்றியூர் கடலோர வீடு ஒன்று இந்த இரண்டாவது எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதாகக் கொள்வதே பாதுகாப்பு. வீடு கட்டியபோது போட்ட எர்த்தை அதன்பின் திறந்து பார்க்காதவர்கள் இந்த 8-ஐ மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

எர்த்தில்தான் பருவ வேறுபாடு கூர்மையாகத் தெரிகிறது. 2.5 மீட்டர் நீளம், 40 மில்லி மீட்டர் விட்டம் கொண்ட குழாயை மண்ணில் இறக்கினால், ஐ.எஸ். 3043 தரும் சூத்திரப்படி அதன் தடை மண்ணின் தடைத்திறனைப்போல் ஏறத்தாழ 0.35 மடங்கு. உப்புநீர் ஊறிய ஈரமண் 10 ஓம்-மீட்டர் என்றால் எர்த் 3.5 ஓம். மே மாதத்தில் மணல் காய்ந்து 100 ஓம்-மீட்டருக்குப் போனால் 35 ஓம். ஒரே குழாய்தான், ஆனால் தடை பத்து மடங்கு. உப்பு ஈரம் எர்த்தின் தடையைக் குறைக்கிறது. அதே உப்புதான் குழாயை அரிக்கவும் செய்கிறது.

இப்போது வாஷிங் மெஷினின் உடலில் ஃபேஸ் தொட்டுவிட்டது என்று வையுங்கள். எர்த் 35 ஓம் என்றால் 230-ஐ 35-ஆல் வகுக்க, அதிகபட்சம் 6.6 ஆம்பியர் பாயும். 32 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது ஒரு பொருட்டே அல்ல. 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கும் 1.1 மடங்குதான், 1.13 மடங்கு வரை விழக்கூடாது என்பதே அதன் தரம். மெஷினின் உடலில் ஏறத்தாழ முழு மின்னழுத்தமும் நிற்கும், எந்த சுவிட்சும் விழாது. ஈரமண்ணின் 3.5 ஓம் கணக்கில் 65.7 ஆம்பியர் பாயும். 32 ஆம்பியருக்கு 2.05 மடங்கு. இந்த மடங்கில் எம்.சி.பி. விழ ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆகலாம். ‘சி’ வகை எம்.சி.பி. உடனடியாக விழக் குறைந்தது 5 மடங்கு, அதாவது 160 ஆம்பியர் வேண்டும். அதற்கு எர்த் 1.4 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். ஒற்றைக் குழாயில் ஆண்டு முழுவதும் அது நடப்பது அரிது. எம்.சி.பி. வயரைக் காப்பதற்கான கருவி; ஆளைக் காக்கும் வேலையை அதனிடம் எதிர்பார்ப்பது கணக்குப்படியே பொருந்தவில்லை.

மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் கணக்கு வேறு. தொடு மின்னழுத்தத்தின் எல்லையான 50 வோல்ட்டை 0.03-ஆல் வகுத்தால் 1,667 ஓம். எர்த் அவ்வளவு மோசமாகும் வரை, மெஷினின் உடலில் 50 வோல்ட் நிற்கும் முன்பே கருவி விழுந்துவிடும். தரம் அனுமதிக்கும் நேரம் 0.3 விநாடி. 35 ஓம் எர்த் அதற்குத் தாராளம். விலை ஏறத்தாழ 2,000 ரூபாய், அதாவது முன்சொன்ன மாதிரி வீட்டின் ஒரு கோடைக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளில் மின்சாரம் தாக்கி இறப்போர் எண்ணிக்கை நாடு முழுவதும் ஆண்டுக்கு 12,000-ஐத் தாண்டுகிறது. எல்லாமே வீட்டுக்குள் நேர்ந்தவை அல்ல.

சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லி மீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின்போது இரண்டே நாளில் பல இடங்களில் 400 மில்லி மீட்டருக்கு மேல் பதிவானது. சுவர் ஓதம் காத்து வயர்க் குழாய்க்குள் ஈரம் இறங்கினால் காப்புத்தடை சரியும். காப்புத்தடையை அளக்கும் 500 வோல்ட் மெகரில் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும் என்பது விதி. அந்த அளவில் கசிவு 0.23 மில்லி ஆம்பியர். ஈரத்தில் அது 10,000 ஓமுக்கு விழுந்தால் கசிவு 23 மில்லி ஆம்பியர். 24 மணி நேரமும் கசிந்தால் 60 நாளில் 7.6 யூனிட் வீண். ஆனால் பணம் இங்கே இரண்டாம் பட்சம். ஆர்.சி.சி.பி. 15-க்கும் 30-க்கும் இடையே எங்கும் விழலாம் என்பதால், 23-இல் அது அடிக்கடி விழத் தொடங்கும். அப்போது ‘மெஷின் கெட்டுவிட்டது’ என்று அதைத் தாண்டி நேர் இணைப்புக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. கருவி சரியாக வேலை செய்யும் வாரத்தில்தான் அதைக் கழற்றுகிறார்கள்.

பழைய வீடுகளில் பிளக் பாயின்ட் தரையிலிருந்து 30 சென்டி மீட்டரில் இருக்கும். தெருவில் இரண்டடி, அதாவது 60 சென்டி மீட்டர் தண்ணீர் நின்று, வாசல்படி 20 சென்டி மீட்டர் என்றால், உள்ளே 40 சென்டி மீட்டர். பாயின்ட் 10 சென்டி மீட்டர் ஆழத்தில். 1.2 மீட்டருக்கு ஏற்றினால் இந்தக் கணக்கில் 80 சென்டி மீட்டர் மிச்சம்.

மெகர் சோதனையை எப்போது வைப்பது என்பதற்கும் மழைக் கணக்கே விடை. செப்டம்பரில் உலர்ந்த சுவரில் 1 மெகா ஓமை ஒட்டி நிற்கும் சர்க்யூட் நவம்பரில் நிற்காது. செப்டம்பரிலேயே பிரித்து வயர் மாற்றிவிட வேண்டும். மாறாக, எர்த் சோதனைக்கு மே மாதம்தான் பொருத்தம், தடை உச்சத்தில் இருக்கும்போது அளந்த எண்தான் பயன்படும். மீட்டருக்கு அந்தப் பக்கம் கோளாறு என்றால் மின் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மீட்டருக்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரர் பொறுப்பு, ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பார்ப்பதும் அதில் சேரும். அது சோதிப்பது கருவியின் இயக்கத்தை மட்டுமே, எர்த்தை அல்ல.