ஜனாஸா எரிப்புக்கு மன்னிப்புக் கேட்டாயிற்று, நம்பிக்கையை எப்படி மீட்பது?

எங்கள் மஹல்லாவில் எழுபது வயதைத் தாண்டிய மாமா ஒருவர் இருக்கிறார். கிளினிக்குக்குப் போகும் நாட்களில் அவரது சட்டைப் பையில் மடித்த தாள் ஒன்று இருக்கும். "நான் ஆஸ்பத்திரியில் மௌத்தானால் அடக்கம் செய்ய வேண்டும், எரிக்கக் கூடாது" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். கொவிட் முடிந்து இத்தனை வருடமாயிற்றே மாமா என்று ஒருநாள் கேட்டேன். "தம்பி, அப்பவும் முதல்ல அடக்கலாம் எண்டுதானே சொன்னாங்கள்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. 2020 மார்ச்சில் சுகாதார அமைச்சு முதலில் வெளியிட்ட வழிகாட்டலில் அடக்கம், தகனம் இரண்டுக்கும் இடமிருந்தது. மார்ச் 30ஆம் திகதி நீர்கொழும்பில் வபாத்தான முதல் முஸ்லிமின் ஜனாஸா எரிக்கப்பட்டது. மறுநாளே வழிகாட்டல் மாற்றப்பட்டது. ஏப்ரல் 11இல் வெளியான வர்த்தமானி அறிவித்தல் தகனத்தைக் கட்டாயமாக்கியது. அதாவது முதலில் எரித்தார்கள், பிறகுதான் விதியை எழுதினார்கள்.

சொல்லப்பட்ட காரணம் நிலத்தடி நீர். கிருமி மண்ணுக்குள் இறங்கித் தண்ணீரில் கலந்துவிடுமாம். வைரஸ் உயிருள்ள கலத்துக்குள் மட்டுமே பெருகும். உடல் இறந்த பின் அதற்குப் பெருக வழியில்லை. தொற்றுநோயில் இறந்தவரை எரித்தே ஆக வேண்டும் என்பது தவறான எண்ணம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச் 24ஆம் திகதியே அறிவுறுத்தியிருந்தது. இருந்தும் டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களைப் பெரும்பான்மை முடிவாகத் தள்ளுபடி செய்தது. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. அடுத்த வாரம் பிறந்து 20 நாளான ஒரு பச்சிளம் குழந்தை பெற்றோரின் சம்மதமின்றிப் பொரளையில் எரிக்கப்பட்டது. கனத்தை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். கபன் துணியை நினைவூட்டிய அந்தத் துணிகளைக் கட்டியவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

நான் பல வருடங்களாக ஜனாஸா குளிப்பாட்டும் பணியில் இருப்பவன். இந்த வேலையில் நம்பிக்கை எதில் நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். குடும்பத்தார் முகத்தைப் பார்க்கிறார்கள். இது எங்கள் வாப்பாதான் என்று உறுதி செய்கிறார்கள். யார் குளிப்பாட்டுவது, யார் கபுறுக்குள் இறங்குவது என்று அவர்கள்தான் சொல்கிறார்கள். நாங்கள் கேட்டுச் செய்கிறோம். அந்த மாதங்களில் நின்று போனது இந்தக் கேட்பதுதான். பரிசோதனை முடிவைக் கண்ணால் காணாத குடும்பங்கள் இருந்தன. மறுபரிசோதனை கேட்டும் கிடைக்காதவர்கள் இருந்தார்கள். நோயைவிட எரிப்புக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தவர்களை நானறிவேன். எங்கள் ஹிந்து அயலவர்களும் பூட்டிய பெட்டியைத்தான் கண்டார்கள். கிரியை செய்யவோ வாய்க்கரிசி போடவோ அவர்களுக்கும் வழியில்லை.

2021 பெப்ரவரியில் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தபோதும் யாரையும் கேட்கவில்லை. முதலில் தெரிவான இடம் இரணைதீவு. அங்குள்ள தமிழ்க் கத்தோலிக்க மக்கள் 1992இல் இடம்பெயர்ந்து, போராடி, 2018இல்தான் ஊர் திரும்பியவர்கள். அவர்கள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு நம்மில் சிலரைப் புண்படுத்தியது. 1990 ஒக்டோபரில் மையவாடிகளையும் விட்டுவிட்டு வெளியேற்றப்பட்ட நமக்கு, அவர்கள் நிலை மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்திருக்க வேண்டும். பிறகு ஓட்டமாவடி மஜ்மா நகர் தெரிவானது. 2021 மார்ச் 5 முதல் ஒரு வருடத்தில் 3,600க்கு மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டார்கள். அவர்களில் ஹிந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் வபாத்தானவரின் பிள்ளை ஸியாரத் செய்ய மட்டக்களப்பு மாவட்டத்துக்குப் போக வேண்டும்.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்றும் சொல்லப்பட்டது. அடக்கமா தகனமா என்பதை இறந்தவரின் விருப்பப்படி அல்லது உறவினர் தீர்மானிக்கும் உரிமைக்குச் சட்டம் வரையவும் முடிவெடுக்கப்பட்டது. மன்னிப்பைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இந்தச் சட்டம்தான். மன்னிப்பு நடந்து முடிந்ததற்கு. அடுத்த தொற்றுநோயில் ஓர் அதிகாரி ஒரே இரவில் விதியை மாற்ற முடியாதபடி செய்வது சட்டம். அதில் மூன்று விடயங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: முடிவெடுக்கும் முன் குடும்பத்திடம் எழுத்தில் கேட்பது, பரிசோதனை அறிக்கையைக் கையில் கொடுப்பது, ஒருவராவது முகம் பார்க்க அனுமதிப்பது.

இது முஸ்லிம்களின் பிரச்சினை மட்டுமென்று குடாநாட்டில் எவரும் நினைக்கத் தேவையில்லை. குடியிருப்புக்கு நடுவே இருந்த மயானத்தை அகற்றும்படி 2017இல் புத்தூர் கலைமதி கிராம மக்கள் நாட்கணக்கில் போராடினார்கள். 2025 பெப்ரவரியில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடைக் கட்டுமானத்துக்குத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன, சிறுவர்களுடையவையும் அவற்றில் உண்டு. பெயரில்லாமல் புதைக்கப்பட்டவர்களின் தாய்மாருக்கும், எரிக்கப்பட்ட குழந்தையின் தாய்க்கும் கேள்வி ஒன்றுதான்: என் பிள்ளையை என்ன செய்தீர்கள், யாரைக் கேட்டுச் செய்தீர்கள்?

நம் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சந்தா பாக்கியைக் காட்டி மையவாடியில் இடம் தரத் தயங்கிய நிர்வாகத்தோடு நானே ஒருமுறை வாதாடியிருக்கிறேன். ஜனாஸா வீட்டில் கணக்குப் பார்க்கும் நிர்வாகம் அரசாங்கத்திடம் உரிமை பேசுவது அழகல்ல. ஒவ்வொரு மஹல்லாவும் ஜனாஸாச் செலவுகளைப் பள்ளிவாசல் பலகையில் எழுதிப் போடலாம். வெளியூரில் இருந்து வந்து மௌத்தானவருக்கும் அதே இடம், அதே மரியாதை என்று தீர்மானம் எடுக்கலாம்.

மாமாவின் தாளில் இப்போது சாட்சியாக என் கையொப்பமும் இருக்கிறது. அவர்தான் கேட்டார். சட்டம் வந்ததும் கிழித்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.