மாலை ஆறரை மணிக்கு வருவேன்

இச்செய்தி மடலின் ஆசிரியர் குழுவினர் எங்களிடம் கேட்டது ஒன்றே: "நீங்கள் இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்பதை மற்றப் பெற்றோருக்கும் எழுதுங்கள்." ஒரு வரியில் விடை சொல்வதானால், நலமாக இருக்கிறோம். எங்கள் மகள் இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். அவளுடைய அப்பா புதிய வேலையில் ஓராண்டை நிறைவு செய்துவிட்டார். ஆனால் இந்த இரண்டு செய்திகளும் ஒரே வாரத்தில் தொடங்கியவை. அந்த வாரத்தை இப்போது படுக்கையருகே அமர்ந்தபடி கடந்துகொண்டிருப்பவர்களுக்காக, நடந்தவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள்

எங்கள் ஊர் இராஜபாளையம். சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில், அப்போது ஆறு வயதாகியிருந்த எங்கள் மகளுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது. கால் வலிக்கிறது என்று இரவில் அழுதாள். முகம் வெளிறியது. உள்ளூரில் எடுத்த இரத்தப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவர், அன்றே மதுரைக்குப் புறப்படச் சொன்னார். இங்கே எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை செய்தபின், கடும் நிணநீர் இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே என்றும், பெரும்பாலான பிள்ளைகள் குணமடைகிறார்கள் என்றும், ஆயினும் சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளும் என்றும் மருத்துவர் எடுத்துரைத்தார். முதல் ஒரு மாதம் பெரும்பாலும் மருத்துவமனையிலேயே கழியும் என்றார்.

அதே வாரத்தில்தான் அப்பா பதினொரு ஆண்டுகள் பணிபுரிந்த நூற்பாலையில் ஷிப்டுகளைக் குறைத்தார்கள். வாரத்தில் மூன்று நாள் வேலை, மூன்று நாள் கூலி. மதுரையில் வாகன உதிரிபாகங்கள் மொத்த விற்பனை செய்யும் ஒரு கடையில், கிடங்குப் பொறுப்பாளர் வேலை இருப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். பிள்ளை இந்நிலையில் கிடக்கும்போது புதிய வேலையில் சேர்வதா என்று நாங்கள் இரண்டு இரவுகள் பேசினோம். சேர்வது பிள்ளையைக் கைவிடுவது போலத் தோன்றியது. சேராவிட்டால் வீட்டு வாடகைக்கும் மூத்தவனின் பள்ளிக் கட்டணத்துக்கும் வழியில்லை.

மருத்துவரிடமே கேட்டோம். "இது ஒரு மாதத்தில் முடிகிற காரியமன்று. குடும்பமும் இரண்டரை ஆண்டுகள் தாங்கி நிற்க வேண்டும்" என்றார் அவர். அந்தச் சொல்லே எங்கள் முடிவாயிற்று. அம்மா வார்டில் உடனிருப்பது, அப்பா வேலைக்குப் போவது, மூத்த மகன் ஊரில் அப்பத்தாவோடு இருப்பது என்று பிரித்துக்கொண்டோம்.

முதலாளியிடம் சொல்வதா, மறைப்பதா

உறவினர்கள் பலரும் "சொல்லாதீர்கள், சொன்னால் வேலை தரமாட்டார்கள்" என்றே அறிவுறுத்தினார்கள். அந்த அச்சம் எங்களுக்கும் இருந்தது. ஆயினும், சேர்ந்த பத்தாம் நாள் திடீரென்று விடுப்புக் கேட்டு நிற்பதைவிட முன்னரே சொல்லிவிடுவது நல்லது என்று துணிந்தோம்.

அதற்கு ஒரு காகிதம் துணைநின்றது. முதுகுத் தண்டுவடத்தில் மருந்து செலுத்தும் நாள், ஊசிமருந்து ஏற்றும் நாள், இரத்தப் பரிசோதனை நாள் எனச் சிகிச்சையின் முதல் மாத அட்டவணையை வார்டுச் செவிலியர் எழுதித் தந்திருந்தார். அதன் நகலை எடுத்துக்கொண்டு அப்பா நேர்காணலுக்குப் போனார். முதலாளி அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எந்தெந்த நாள் வர முடியாது என்பது தெரிந்தால் போதும், தெரியாமல் போவதுதான் எனக்குத் தொல்லை" என்றார். தண்டுவட ஊசி நாள்களில் நண்பகலுக்குப்பின் வருவது, ஈடாக ஞாயிறு காலையில் சரக்கு இருப்பு எண்ணித் தருவது என்று ஒப்பந்தம் ஆயிற்று.

எல்லா முதலாளிகளும் இப்படி இருப்பார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் "பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, அடிக்கடி லீவு வேண்டும்" என்று பொதுவாகச் சொல்வதற்கும், தேதிகளைக் காட்டிப் பேசுவதற்கும் வேறுபாடு உண்டு என்பதைக் கண்டுகொண்டோம்.

வேலை மாறும் பெற்றோர் கேட்டறிய வேண்டியவை வேறு சிலவும் உண்டு. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குத் தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம் பொருந்தும். குடும்பத்தாருக்கும் அதில் மருத்துவ உரிமை உண்டு. அந்த உரிமை எந்த நாளிலிருந்து கிடைக்கும் என்பதைச் சேரும்போதே கேட்டுவிடுங்கள். வருங்கால வைப்பு நிதிக்குப் பழைய கணக்கு எண்ணையே புதிய இடத்திலும் கொடுங்கள். குடும்பத்தாரின் மருத்துவச் செலவுக்கு அதிலிருந்து முன்பணம் பெற வழி இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமான வரம்பு உண்டு. ஆகவே ஊதியம் உயரும்போது அட்டையின் நிலை என்னவாகும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் இரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை மருத்துவமனையிலேயே பெறலாம்.

சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்ட மாலை

வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் அப்பா நாள்தோறும் மாலையில் வார்டுக்கு வந்தார். காலையில் மகள் விழிக்குமுன் போய்விடுவார். அழுவாளே என்று, தூங்கும்போது சொல்லாமல் நழுவுவது வழக்கமாகிவிட்டது. கேட்டால் "இப்போது வந்துவிடுவார்" என்று அம்மா சொல்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை, "சாயங்காலம் சீக்கிரம் வந்து கதை சொல்கிறேன்" என்று அப்பா தொலைபேசியில் வாக்களித்தார். அன்று சரக்கு லாரி தாமதமாக வந்தது. இறக்கி முடித்து வந்து சேரும்போது மணி எட்டேகால். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டதால், காவலரிடம் பேசி உள்ளே வர மேலும் கால்மணி நேரம் ஆயிற்று. மகள் விழித்துத்தான் இருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மறுநாளும் பேசவில்லை. சோறும் வேண்டாம் என்றாள். ஸ்டீராய்டு மருந்தால் எப்போதும் பசி பசி என்றிருந்த பிள்ளை அவள்.

ஸ்டீராய்டு தரும் நாள்களில் கோபமும் அழுகையும் மிகும் என்று செவிலியர் ஆறுதல் சொன்னார். ஆனால் வார்டின் மனநல ஆலோசகர் எங்களை அமர்த்தி வேறொன்றையும் சொன்னார். ஒரு காலத்தில், பெற்றோர் வந்து போனால் பிள்ளைகள் அழுகிறார்கள் என்பதற்காகவே, பல நாடுகளில் குழந்தைகள் வார்டுக்குப் பெற்றோர் வருவதை மிகவும் கட்டுப்படுத்தியிருந்தார்களாம். இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், மருத்துவமனையில் தனித்து விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையை நாள்தோறும் படம்பிடித்து 1952இல் வெளியிட்டார். அழாமல் அமைதியாகிவிட்ட குழந்தை ஆறுதல் அடைந்த குழந்தை அன்று, நம்பிக்கை இழந்த குழந்தை என்பதை அப்படம் காட்டியது. 1959இல் வெளிவந்த பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க வழிசெய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று அம்மா கட்டிலருகே பாய் விரித்துப் படுக்க முடிவது அந்த மாற்றத்தின் தொடர்ச்சிதான் என்றார் ஆலோசகர்.

"நீங்கள் எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள் என்பதைவிட, எப்போது வருவீர்கள் என்று சொன்னீர்களோ அப்போது வருகிறீர்களா என்பதைத்தான் பிள்ளை கணக்கிடுகிறாள்" என்பது அவர் சொன்ன முடிவுரை.

அன்றிலிருந்து மூன்று வழக்கங்களைக் கடைப்பிடித்தோம். முதலாவது, சொல்லாமல் போவதில்லை. அழுதாலும் எழுப்பி, "அப்பா வேலைக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டே போவது. இரண்டாவது, நிறைவேற்றக்கூடிய நேரத்தை மட்டுமே சொல்வது. ஆறு மணிக்கு வர முடியும் என்று தோன்றினால் ஆறரை என்று சொல்வது. ஆறரை மணி காட்டும் கடிகாரம் ஒன்றைத் தாளில் வரைந்து கட்டிலருகே ஒட்டினோம். வர இயலாது என்று தெரிந்த கணமே, அம்மாவிடம் சொல்லியனுப்பாமல், மகளிடமே தொலைபேசியில் சொல்வது. மூன்றாவது, வரும்போது பொம்மை வாங்கிவராமல், வேலையைப் பற்றிய ஒரு செய்தியைக் கொண்டுவருவது.

இந்த மூன்றாவது வழக்கம் நாங்கள் எதிர்பாராத பயனைத் தந்தது. இன்று எத்தனைப் பெட்டி பேரிங் வந்தது, எந்தப் பெட்டியில் நட்டு குறைந்தது என்று அப்பா சொல்வார். சில நாள்களில் மகளும் ஒரு நோட்டில் "இருப்பு" எழுதத் தொடங்கினாள். மாத்திரை இத்தனை, ஊசிமூடி இத்தனை, இன்று வந்த டாக்டர்கள் இத்தனை பேர். மாலையில் இருவரும் கணக்கு ஒப்பிட்டுக்கொள்வார்கள். மாத்திரை விழுங்க மறுத்தவள், "இருப்பில் ஒன்று கழிக்க வேண்டும்" என்றால் வாய் திறந்தாள்.

பார்க்க வருவோரும் வரக் கூடாதோரும்

கிடங்கு என்றால் தூசிதான். ஆகவே அப்பா நேரே வார்டுக்கு வருவதில்லை. வாடகை அறையில் குளித்து, துவைத்த சட்டை அணிந்து, வாயிலில் சோப்பிட்டுக் கைகழுவியபின்னரே கட்டிலருகே வருவார். நோய்த்தொற்றை எதிர்க்கும் நியூட்ரோபில் அணுக்களின் எண்ணிக்கை 500க்குக் கீழே இறங்கியிருக்கும் நாள்களில், சாதாரண சளியும் பிள்ளைக்குப் பெருங்கேடாகலாம். மலர்கள், வெளியில் வெட்டி விற்கும் பழங்கள் ஆகியவற்றை அறைக்குள் கொண்டுவரலாகாது. அம்மை கண்ட வீட்டிலிருந்து எவரும் வரவே கூடாது.

இதை உறவினர்களிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. தொலைவிலிருந்து புறப்பட்டு வந்த அத்தைக்கு இருமல் இருந்தது. வாயிலிலேயே நிறுத்திவிட்டோம். அவர் மனம் நொந்து திரும்பினார். பின்னர் அவரிடம் பொறுமையாக விளக்கினோம். இப்போதெல்லாம் "வந்து பார்க்கவில்லையே" என்று வருந்துபவர்களிடம் நாங்கள் சொல்வது, இரத்தம் கொடுங்கள் என்பதுதான். தட்டணுக்களைச் சேமித்து வைக்கும் காலம் ஐந்து நாள்களே; ஆகையால் கொடையாளர் ஓயாது தேவைப்படுகிறார். கடையில் உடன் பணிபுரிவோர் இருவர் எங்கள் மகளை ஒருமுறையும் பார்த்ததில்லை. ஆனால் அவளுக்காகத் தட்டணுக் கொடை அளித்தவர்கள் அவர்கள்.

காய்ச்சல் வந்த இரவு

மூன்றாம் மாதம் வாடகை அறையில் இருந்தபோது, ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு மகளின் உடல் சுட்டது. வெப்பமானியில் 100.6 டிகிரி. 100.4ஐத் தொட்டாலே காத்திராமல் வர வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலையில் கடையில் ஆண்டுக் கணக்குக்கான சரக்குச் சோதனை. கிடங்கின் சாவி அப்பாவிடம். "காலை வரை பார்க்கலாமா?" என்ற கேள்வி எங்கள் இருவர் மனத்திலும் ஒரு கணம் எழுந்தது என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஆட்டோ பிடித்து வந்துவிட்டோம். வந்த ஒரு மணி நேரத்துக்குள் எதிர்நுண்ணுயிரி மருந்து ஏறத் தொடங்கிவிட்டது. இரத்தத்தில் தொற்று இருந்தது என்றும், காலை வரை காத்திருந்தால் நிலைமை வேறாகியிருக்கலாம் என்றும் மருத்துவர் பின்னர் சொன்னார்.

அந்தப் பதற்றத்தில் கடைக்குச் செய்தி சொல்ல மறந்துபோயிற்று. ஒன்பது மணிக்கு முதலாளியே அழைத்தார். அவர் குரலில் கோபம் இருந்தது, அது நியாயமும்கூட. ஆறு பேர் பூட்டிய கதவின்முன் நின்றிருந்தார்கள். ஒருநாள் ஊதியம் பிடிக்கப்பட்டது. அதன்பின் ஒரு மாற்றுச் சாவியைக் கடையிலேயே ஒருவரிடம் ஒப்படைத்தோம். அவசரத்தில் அனுப்புவதற்கென ஒரு குறுஞ்செய்தியைக் கைப்பேசியில் முன்னரே எழுதி வைத்தோம். சிறிய ஏற்பாடுதான், ஆனால் அடுத்த இரண்டு காய்ச்சல்களின்போதும் அது வேலையைக் காத்தது.

ஊரிலிருந்த மகன்

எங்கள் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். அப்பத்தாவிடம் விட்டிருந்த மூத்த மகனை இரண்டு மாதங்களாக எவரும் போய்ப் பார்க்கவில்லை. "எனக்கும் காய்ச்சல் வந்தால்தான் வருவீர்களா?" என்று தொலைபேசியில் அவன் கேட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. அதன்பின் மாதத்தில் ஒரு ஞாயிறு, சரக்கு எண்ணி முடித்ததும் அப்பா பேருந்தேறி அவனிடம் போவது வழக்கமாயிற்று. அந்த ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு வார்டுக்கு வர இயலாது என்பதை மகளிடம் முன்னரே சொன்னோம். "அண்ணன் முறை" என்று அவள் ஒப்புக்கொண்டாள்.

இப்போது

தீவிர சிகிச்சைக் கட்டம் முடிந்து, இப்போது பராமரிப்புக் கட்டத்தில் இருக்கிறோம். இரவுதோறும் ஒரு மாத்திரை, வாரத்தில் ஒருநாள் கூடுதலாக மற்றொரு மாத்திரை, குறித்த நாள்களில் இரத்தப் பரிசோதனை. இன்னும் ஓராண்டுக்கு மேல் எஞ்சியிருக்கிறது. கவலை முற்றும் தீர்ந்துவிட்டது என்று எழுத எங்களால் இயலாது. ஆனால் நால்வரும் மதுரையில் ஒரே வீட்டில் இருக்கிறோம். அப்பாவின் வேலை நிரந்தரமாகிவிட்டது.

கட்டிலருகே ஒட்டியிருந்த அந்தக் காகிதக் கடிகாரத்தை மகள் கழற்றி வந்து வீட்டுக் கதவில் ஒட்டியிருக்கிறாள். அப்பா பத்து நிமிடம் தாமதித்தால் இன்றும் இருப்பு நோட்டில் குறித்துக்கொள்கிறாள். இவ்வரிகளை எழுதிக்கொண்டிருக்கும்போது மணி ஆறு இருபது. படிக்கட்டில் காலடியோசை கேட்கிறதா என்று அவள் வாயிலில் நிற்கிறாள்.