அதிரும் சுவர், கெடும் தூக்கம்

1898-இல் பெங்களூரைப் பிளேக் தாக்கியபோது, பழைய நகரான பேட்டையின் நெரிசலிலிருந்து தப்பியவர்கள் காற்றும் வெளிச்சமும் தேடிக் குடியேறிய இடம் மல்லேஸ்வரம். சுற்றிலும் தோட்டம் விட்டுக் கட்டிய அந்த வீடுகளில் பல இன்று அடுக்குமாடிகள். ஒருவர் கூடத்துத் தரைதான் கீழ்வீட்டுக்காரரின் படுக்கையறைக் கூரை. ஹோம் தியேட்டரின் சப்வூஃபர் உட்கார்ந்திருப்பதும் அந்தத் தரையில்தான்.

கதவைச் சாத்தினாலும் அடங்காது

சப்வூஃபர் தருவது ஏறக்குறைய 20 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலி. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். கதவைச் சாத்தினால் பேச்சுச் சத்தம் அடங்கும், இவ்வளவு நீண்ட அலையின் ‘தும் தும்’ அடங்காது. பக்கத்து வீட்டில் பாட்டு கேட்காது, அதிர்வு மட்டும் போய்ச் சேரும். அங்கே கைக்குழந்தை இருக்கலாம், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர் இருக்கலாம். படுக்கையறையில் தொடர் சத்தம் 30 டெசிபெலைத் தாண்டக்கூடாது, பேஸ் எனும் தாழ்ந்த ஒலி மிகுந்திருந்தால் அதற்கும் குறைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லிவிட்டது.

“போனில் பார்த்தேன், 50தான் காட்டுகிறது” என்பார்கள். ஒலியளக்கும் செயலிகள் பெரும்பாலும் ‘ஏ’ அளவீட்டில் இயங்குகின்றன. அந்த அளவீடு 50 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 30 டெசிபெலைக் கழித்துவிடும். ‘சி’ அளவீட்டுக்கு மாற்றிப் பாருங்கள், உண்மை தெரியும்.

கேடு வால்யூமில்

சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குப் பேஸ் சரியாக எட்டாது. பாட்டு சப்பென்று இருக்கிறதே என்று மொத்த வால்யூமையும் ஏற்றுகிறோம். வாரத்துக்கு 80 டெசிபெலில் 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் 4 மணி நேரம்தான். உட்காதின் மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. சரியாக அமைத்த சப்வூஃபர் குறைந்த வால்யூமிலேயே நிறைவைத் தரும். அந்த வகையில் அது காதுக்கு நண்பன் என்றே சொல்வேன்.

இணைப்பதும் திருப்புவதும்

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ரிசீவரின் ‘சப் அவுட்’டிலிருந்து ஆர்சிஏ கேபிளை சப்வூஃபர் ஆம்ப்ளிஃபையரின் ‘எல்எஃப்இ’யில் செருகுங்கள். தாழ்ந்த ஒலியைப் பிரிக்கும் எல்லையான கிராஸ்ஓவரை ரிசீவரில் 80 ஹெர்ட்ஸில் வைத்தால், சப்வூஃபர் பெட்டியில் உள்ள கிராஸ்ஓவர் குமிழை உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள். இரண்டு இடத்திலும் வெட்டினால் பேஸில் ஓட்டை விழும். அதை நிரப்பத்தான் பலர் பெட்டியின் ஒலி அளவைக் கூட்டும் கெயினை ஏற்றுகிறார்கள்.

கெயினை முழுக்கத் தணித்து, மிருதங்கம் தெளிவாகக் கேட்கும் கச்சேரிப் பதிவொன்றைப் போட்டு மெல்ல ஏற்றுங்கள். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி நாதம் பாடகருக்குப் பக்கத்திலிருந்தே வர வேண்டும். அறை மூலையிலிருந்து பெட்டி தனியாக முழங்கினால் கெயின் கூடிவிட்டது. ஃபேஸ் ஸ்விட்சை 0, 180 இரண்டிலும் வைத்து, பேஸ் நிறைவாகக் கேட்கும் பக்கம் விடுங்கள்.

பெட்டியை மூலையில் வைத்தால் பேஸ் பெருகும். பொதுச்சுவரை விட்டுத் தள்ளி, தடித்த ரப்பர் மேடையில் வையுங்கள். தரை வழியாகப் போகும் அதிர்வு குறையும். காற்று வழியாகப் போவதை ரப்பர் தடுக்காது.

எர்த் முள்ளைக் கழற்றாதீர்கள்

பெட்டி ‘ம்ம்ம்’ என்று இரைந்தால் சிலர் மூன்று முள் பிளக்கின் எர்த்தைத் துண்டித்துவிடுகிறார்கள். இரைச்சல் நிற்கலாம், ஆனால் மின்கசிவு ஏற்பட்டால் உயிர் போய்விடும். சாதனங்கள் எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டில் சொருகிப் பாருங்கள். கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள், பல வீடுகளில் இரைச்சல் அதன் வழியாகத்தான் வருகிறது.

இரவு பத்துக்குப் பிறகு

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபெல்; இரவு 10 முதல் காலை 6 வரை 45. அந்த நேரத்தில் சப்வூஃபரை அணைத்துவிடுங்கள். படம் பார்த்து முடித்தபின் காதில் ரீங்காரம் நிற்காவிட்டாலோ, ஒரு காது திடீரென மந்தமானாலோ உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். கெயின் குமிழைத் திருப்பும் நாளில் கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் படுக்கையறையில் நின்று ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள்.