ஆங்கிலச் சொல்லும் அரசுப் பள்ளி மாணவரும்: மனப்பாடத்துக்கு மாற்றாகும் ஊக விளையாட்டு

புது தில்லி: ஆங்கிலம் வேண்டுமா, வேண்டாமா என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாதிட்டு வரும் நாடு இது. எந்த வகுப்பிலிருந்து தொடங்குவது, பயிற்று மொழியாக்குவதா, தேர்ச்சியைக் கட்டாயமாக்குவதா என்றெல்லாம் சட்டப்பேரவைகளிலும் நீதிமன்றங்களிலும் விவாதம் நடந்துள்ளது. ஆனால், ஆங்கிலப் பாடவேளையில் வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது.

1967ல் பிகாரின் துணை முதல்வராகவும் கல்வி அமைச்சராகவும் இருந்த கர்ப்பூரி தாக்குர், மெட்ரிகுலேஷன் தேர்வில் ஆங்கிலத்தில் கட்டாயம் தேற வேண்டும் என்ற விதியை நீக்கினார். ஏழை, பிற்படுத்தப்பட்ட மாணவர்களைப் பள்ளிப் படிப்போடு நிறுத்திவிடும் தடைச்சுவராக அவர் ஆங்கிலத்தைக் கண்டார். அவ்வாறு தேறியவர்களை "கர்ப்பூரி டிவிஷன்" என்று மேல்தட்டினர் எள்ளி நகையாடினர். மேற்கு வங்கத்தில் இடதுசாரி அரசு 1980களின் தொடக்கத்தில் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆங்கிலத்தை விலக்கியது; பின்னர் அதே அரசே அதைத் திரும்பக் கொண்டுவந்தது.

2010ல் காட்சி முற்றிலும் மாறியது. உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் உள்ள பாங்கா கிராமத்தில், தலித் சிந்தனையாளர் சந்திரபான் பிரசாத்தின் முயற்சியில் "ஆங்கிலத் தேவி"க்குக் கோயில் எழுப்ப அடிக்கல் நாட்டப்பட்டது. தடையென்று கருதி ஒருவர் அகற்றியதை, விடுதலையின் கருவி என்று மற்றொருவர் வணங்கச் சொன்னார். இருவரின் நோக்கமும் ஒன்றே என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது.

அசையாத புள்ளிவிவரம்:

இன்று பெரும்பாலான மாநிலங்களில் முதல் வகுப்பிலிருந்தோ மூன்றாம் வகுப்பிலிருந்தோ ஆங்கிலம் கற்பிக்கப்படுகிறது. விளைவு என்ன? கிராமப்புறங்களில் நடத்தப்படும் "ஏசர்" ஆய்வின்படி, எளிய ஆங்கில வாக்கியங்களைப் படிக்கத் தெரிந்த ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் 2016ல் 24.7 சதவீதம், 2022ல் 24.5 சதவீதம். எட்டாம் வகுப்பில் 45.3 சதவீதம் 46.7 ஆனது. இடையே கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்தன என்பது உண்மை. ஆனாலும், 2016லேயே நால்வரில் மூவருக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதை அந்தக் காரணத்தால் மறைக்க முடியாது.

காரணம் தேடி வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் சொல்லைக் கரும்பலகையில் எழுதுகிறார்; எதிரே தாய்மொழியில் பொருள் எழுதுகிறார்; மாணவர்கள் பத்து முறை எழுதி மனப்பாடம் செய்கின்றனர். தேர்வு முடிந்ததும் சொல்லும் போய்விடுகிறது. கண்ணால் கண்டு எழுதிய அந்தச் சொல்லை வாயால் ஒருமுறைகூடப் பயன்படுத்தாமலே மாணவர் பள்ளியை விட்டு வெளியேறுகிறார்.

கரும்பலகையும் ஒரு நாற்காலியும்:

இதற்கு மாற்றாக ஆங்கில ஆசிரியர்கள் பலர் கையாளும் எளிய முறை, குழுவாகச் சொல்லை ஊகித்தறியும் விளையாட்டு. வகுப்பு இரு அணிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஓர் அணியின் மாணவர் கரும்பலகைக்கு முதுகு காட்டி நாற்காலியில் அமர்கிறார். அவருக்குப் பின்னால் ஆசிரியர் ஒரு சொல்லை எழுதுகிறார். அதை உச்சரிக்காமல், எழுத்துக்கூட்டாமல், தாய்மொழியில் பெயர்க்காமல், ஆங்கிலத்தில் மட்டுமே குறிப்புக் கொடுத்து அவரைச் சொல்ல வைக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் சொன்னால் ஒரு புள்ளி.

"பிரிட்ஜ்" என்பது சொல் என்று வைத்துக்கொள்வோம். தில்லிச் சிறுவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது "யமுனா". பிறகு "ரிவர்", "வாட்டர்", "பஸ் கோ" என்று குறிப்புகள் வந்து விழும். இலக்கணம் பிழையாக இருக்கலாம். ஆனால் ஒரு சொல்லைப் பிடிக்க ஐந்து சொற்கள் நினைவிலிருந்து தோண்டி எடுக்கப்படுகின்றன. தேர்வுக்காக அல்ல, நண்பனுக்கு உணர்த்தியாக வேண்டும் என்ற தேவையால் எடுக்கப்படுகின்றன. தேவைக்குப் பயன்பட்ட சொல் எளிதில் மறப்பதில்லை.

அணியாக ஆடுவதிலும் பொருள் உண்டு. தனியாக எழுந்து நின்று தவறாகச் சொன்னால் கிடைப்பது கேலி. வீட்டில் ஆங்கிலம் கேட்டறியாத முதல் தலைமுறை மாணவரை ஊமையாக்குவது அந்த அச்சமே. அணியில் இருவர் தவறினாலும் மூன்றாமவர் ஈடுசெய்வார். ஒற்றைச் சொல் தெரிந்தவருக்கும் அங்கே பங்கு உண்டு.

இது மேலைநாட்டு இறக்குமதி என்று ஒதுக்கவும் முடியாது. பொருளின் பெயரைச் சொல்லாமல் அதன் குணங்களைச் சொல்லி விடை கேட்பதுதானே நம் விடுகதை! தில்லியில் அடக்கமான அமீர் குஸ்ரோவின் பெயரால் வழங்கும் "பஹேலி"களும் இவ்வகையே.

பெங்களூர் தந்த பாடம்:

இதற்கு நெருங்கிய கல்விச் சோதனை ஒன்று தென்னிந்தியாவிலேயே நடந்துள்ளது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களில் சாதாரணப் பள்ளிகளில் புதிய முறையில் ஆங்கிலம் கற்பித்தார். "பெங்களூர் திட்டம்" என்று உலகெங்கும் மொழி ஆசிரியர்கள் அறிந்த முயற்சி அது. மனம் மொழியின் வடிவத்தில் அல்லாமல் பொருளில் ஈடுபடும்போதே மொழி கைவருகிறது என்பது அவரது அடிப்படைக் கருத்து. ஒருவரிடம் உள்ள தகவல் மற்றவரிடம் இல்லாதபோது பேச்சுக்குத் தேவை பிறக்கிறது. முதுகு காட்டி அமர்ந்திருக்கும் மாணவருக்கும் வகுப்புக்கும் இடையே இருப்பது இந்த இடைவெளிதான்.

அதே திட்டம் ஓர் எச்சரிக்கையையும் விட்டுச் சென்றது. திட்டத்துக்கென வந்த தேர்ந்த ஆசிரியர்கள் அம்முறையை எளிதாகக் கையாண்டனர். பள்ளியின் வழக்கமான ஆசிரியர்கள் பலர் தடுமாறினர் என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. ஆசிரியருக்கே ஆங்கிலத்தில் தயக்கம் இருந்தால் எந்தப் புதுமுறையும் பழைய மனப்பாடத்துக்கே திரும்பிவிடும்.

விளையாட்டுக்கும் எல்லைகள் உண்டு. வாயாடியான இருவர் மட்டுமே குறிப்புக் கொடுத்து, கடைசி பெஞ்சு மௌனம் காக்கக்கூடும். முறைவைத்து அனைவரையும் பேசச் செய்வது ஆசிரியரின் பொறுப்பு. முன்பே கற்பித்த சொற்களையே எடுக்க வேண்டும். தெரியாத சொல்லை ஊகிக்கச் சொல்வது கற்பித்தல் ஆகாது. தொடக்கத்தில் இரண்டொரு குறிப்புகளைத் தாய்மொழியில் அனுமதிப்பதாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. இலக்கணமும் எழுத்தும் தனியே கற்பிக்கப்பட்டாக வேண்டும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

சட்டம் சொல்வது:

கல்வி உரிமைச் சட்டம் 2009, தனது 29வது பிரிவில் செயல்பாடுகள் வழியாகவும் கண்டறிதல் வழியாகவும் கற்றல் நிகழ வேண்டும் என்கிறது; இயன்றவரை தாய்மொழியே பயிற்று மொழியாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. தொடக்கப் பள்ளியில் 30 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதத்தையும் அச்சட்டம் வகுத்துள்ளது. தாய்மொழிவழிக் கல்வியும் தரமான ஆங்கிலப் பாடமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே இதன் பொருள்.

நகரத்துத் தனியார் பள்ளி மாணவருக்கு ஆங்கிலம் வீட்டிலும் தொலைக்காட்சியிலும் கிடைத்துவிடுகிறது. அரசுப் பள்ளி மாணவருக்கோ அந்த ஒரு பாடவேளையே கதி. அதில் பத்து நிமிடத்தை விளையாட்டுக்கு ஒதுக்கச் செலவு ஏதுமில்லை. அதை நடத்தும் ஆசிரியரை நியமிக்கவும் பயிற்றுவிக்கவும்தான் செலவு. அந்தச் செலவை ஏற்க அரசுகள் முன்வராதவரை, ஆங்கிலத்தை முதல் வகுப்பிலேயே தொடங்கிவிட்டோம் என்ற அறிவிப்புகளால் கர்ப்பூரி தாக்குர் கண்ட சுவர் தகரப்போவதில்லை.