500 மீட்டரில் நின்றுபோகும் சாலை

டவுன் பஸ் ஊருக்குள் வந்து அரச மரத்தடியில் நிற்கிறது. அங்கேயே திரும்பிவிடுகிறது. காலனிக்குப் போக வேண்டியவர்கள் இறங்கி நடக்கிறார்கள். ரேஷன் அரிசிப் பையைத் தலையில் ஏற்றிக்கொண்ட பாட்டி, கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பெண், டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள் என எல்லோருக்கும் அதே நடைதான். தார்ச்சாலை முடிந்து மண் பாதை தொடங்கும் இடத்தில் தெரு விளக்கும் முடிந்துவிடுகிறது. நம் கிராமங்கள் பலவற்றில் இன்றும் இதுதான் நிலை.

பார்த்துப் பழகிவிட்டதால் ஒரு கேள்வியை நாம் கேட்பதே இல்லை. இந்தத் தூரத்தை வைத்தது யார்?

சேரியை ஊருக்கு வெளியே வைத்தது சாதி. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால், சுதந்திரத்துக்குப் பிறகு உருவான காலனிகள் பல, அரசுப் பணத்தில் அரசே இடம் பார்த்து அமைத்தவை. ஆதிதிராவிடர்களுக்கு வீட்டுமனை வழங்க நிலம் எடுப்பதற்கென்றே 1978இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. வீடற்ற பல குடும்பங்களுக்கு அதனால் பட்டா கிடைத்தது. அதை மறுக்க முடியாது. ஆனால், எந்த நிலம் சுலபமாகக் கிடைக்கும் என்று பார்க்கும்போது, யாரும் ஆட்சேபம் சொல்லாத, விலை குறைந்த, ஊரை விட்டுத் தள்ளியிருக்கும் நிலம்தான் முதலில் கண்ணில் படும். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், பஸ் எங்கே நிற்கும், இரவில் எந்த வழியாக நடந்துவருவார்கள் என்ற கேள்விகள் அந்தக் கோப்பில் முதல் பக்கத்துக்கு வருவதில்லை. சாதி வைத்த தூரத்தை இப்படி அரசுப் பணமும் சில இடங்களில் உறுதிப்படுத்திவிட்டது.

இதற்கு இன்னொரு உதாரணம், 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம். சமவெளியில் 500 பேர், மலைப்பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 250 பேர் வாழும் குடியிருப்புகளுக்குச் சாலை போடுவது அதன் முதல் இலக்கு. நாடு முழுவதும் சேறும் சகதியுமாகக் கிடந்த எத்தனையோ பாதைகள் இதனால் சாலைகளாயின. ஆனால், 'இணைப்பில்லாத குடியிருப்பு' எது என்பதற்கு அதன் விதிமுறையில் ஓர் அளவு உண்டு. சமவெளியில், எல்லாப் பருவத்திலும் பயன்படும் சாலையிலிருந்தோ, சாலை வசதியுள்ள குடியிருப்பிலிருந்தோ குறைந்தது 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அதற்குள் இருந்தால், அந்தக் குடியிருப்புக்குச் சாலை இருக்கிறது என்றே கணக்கு.

ஏதோ ஓர் இடத்தில் கோடு போட்டாக வேண்டும் என்பது சரிதான். ஆனால், நம் கிராமத்தின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். ஊருக்கும் காலனிக்கும் இடையே பல இடங்களில் முந்நூறு, நானூறு மீட்டர்தான் இருக்கும். ஊருக்குச் சாலை வந்துவிட்டால், தாளில் காலனிக்கும் வந்துவிட்டதாக ஆகிறது. மழைக்காலத்தில் அந்த மண் பாதையில் ஆம்புலன்ஸ் சிக்கிக்கொண்டாலும் கணக்கு மாறாது.

நாடாவை வைத்து அளந்தால் அது 500 மீட்டர்தான். காலனிக்காரருக்கு அந்த 500 மீட்டர் யாருடைய தெரு வழியாகப் போகிறது என்பதும் முக்கியம். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பப்பட்ட சுவர், பக்கத்திலேயே இருந்த வழியைத் தலித் மக்களுக்கு இல்லாமல் செய்தது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2008 மே மாதம்தான் அதில் ஒரு பகுதி இடிக்கப்பட்டுப் பாதை திறந்தது. வரைபடத்தில் பார்த்தால் அங்கே தூரமே இல்லை.

பொதுத் தெருவில் நடக்கும் உரிமைக்காக நம் முன்னோர் போராடியதற்கு நூறு ஆண்டு தாண்டிவிட்டது. ரெட்டமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்ட மேலவையில், பொதுச் சாலை, தெரு, கிணறு ஆகியவற்றை ஒடுக்கப்பட்ட மக்களும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தது 1924இல். அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கி, பெரியார் சிறை சென்றார்.

அது பழைய கதை என்று சொல்பவர்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தைப் படித்துப் பார்க்கலாம். பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், செருப்பு அணிவதையும் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று அதில் தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. சைக்கிள் என்ற சொல்லைச் சட்டத்தில் எழுத வேண்டிய தேவை இந்த நூற்றாண்டிலும் இருந்திருக்கிறது.

இதோடு தமிழ்நாட்டின் விலையில்லா சைக்கிள் திட்டத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2001-02இல் அது தொடங்கியபோது பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்குத்தான் சைக்கிள் கிடைத்தது. பிறகு எல்லாப் பிரிவு மாணவ, மாணவியருக்கும் விரிந்தது. பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டிருக்க வேண்டிய எத்தனையோ பெண்கள் அந்தச் சைக்கிளால் பிளஸ் 2 முடித்தார்கள். நம் வீடுகளிலேயே அப்படிப் படித்த அக்காக்கள் இருக்கிறார்கள். ஆனால், சைக்கிளைத் தந்த அரசு, அது போகும் பாதையையும் பார்த்திருக்க வேண்டும். மண் பாதையில் உருட்டிக்கொண்டும், சில தெருக்களில் இறங்கித் தள்ளிக்கொண்டும் போக வேண்டியிருந்தால், அந்தத் திட்டம் பாதி தூரம்தான் வந்திருக்கிறது.

பஸ்ஸுக்கும் இதுவே பொருந்தும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறையில் இருக்கிறது. கூலி வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது மாதம்தோறும் மிச்சமாகும் பணம். ஆனால், அந்தப் பயணம் பஸ் நிற்கும் இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. பஸ் வராத காலனிப் பெண்ணுக்கு ஷேர் ஆட்டோவுக்கு ஆகும் செலவு மிச்சமாகவில்லை. தனியார் மினி பஸ் வந்தால், அதில் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும்.

பஸ்ஸுக்குள்ளும் பயம் தீரவில்லை. 2025 மார்ச் மாதம் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வு எழுத பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பிளஸ் 1 தலித் மாணவரை வழியில் இறக்கி வெட்டினார்கள். பள்ளிக்குப் போகும் வழி பாதுகாப்பாக இருப்பதும் கல்வி உரிமையில் சேர்ந்ததுதான்.

சரி, என்ன செய்யலாம்? பணம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆதிதிராவிடர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிகளை மேம்படுத்த, 5 ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் செலவிடும் அயோத்திதாசப் பண்டிதர் பெயரிலான திட்டத்தைத் தமிழக அரசு 2023-24 பட்ஜெட்டில் அறிவித்தது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பப் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு நிதி ஒதுக்க வேண்டும் என்பதற்கு 2024இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகையில் இவ்விரு பிரிவினரும் சேர்ந்து சுமார் 21 சதவீதம்.

இந்தப் பணத்தை ஒதுக்கும்போது மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கலாம். ஒன்று, சாலை வசதியைக் காலனியின் கடைசி வீட்டிலிருந்து அளக்க வேண்டும். ஊரின் முதல் வீட்டோடு கணக்கை முடிக்கக் கூடாது. இரண்டு, புதிய வீட்டுமனைக்கு நிலம் தேர்வு செய்யும்போது, பஸ் நிறுத்தம், பள்ளி, ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றுக்கு நடந்துபோகும் தூரத்தைக் கோப்பில் எழுத வேண்டும். பக்கத்தில் இருக்கும் நிலத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருந்தால், அதற்கும் நிதி ஒதுக்க வேண்டும். மூன்று, காலனிச் சாலை போடும்போதே தெரு விளக்கும், காலனியிலேயே ஒரு பஸ் நிறுத்தமும் சேர்ந்து வர வேண்டும்.

இது நடக்காத காரியம் அல்ல. எல்லாச் சாதியினரும் ஒரே தெருவில் வாழ வேண்டும் என்று முடிவு செய்து, 100 வீடுகளில் 40 வீடுகளைத் தலித் மக்களுக்கு ஒதுக்கி 1997இல் சமத்துவபுரம் திட்டத்தைக் கொண்டுவந்தது இதே மாநிலம்தான். யார் வீடு எங்கே இருக்க வேண்டும் என்பதை அரசு தீர்மானிக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்கு முன்பு மாணவர்கள் ஒரு வேலை செய்யலாம். காலனியின் கடைசி வீட்டு வாசலில் தொடங்கி, பஸ் நிறுத்தம் வரைக்கும், பள்ளி வரைக்கும், ரேஷன் கடை வரைக்கும் எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதுங்கள். செல்போனே அளந்துகொடுக்கும். எத்தனை விளக்கு எரிகிறது, எங்கே தார் முடிகிறது, எந்த இடத்தில் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியிருக்கிறது என்பதையும் அதே தாளில் குறியுங்கள். அதைக் கிராம சபையில் வாசித்து, தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நகல் ஒன்றை மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமை மனுநாளில் கொடுங்கள்.

'உங்கள் காலனிக்குத்தான் ஏற்கெனவே சாலை இருக்கிறதே' என்று அங்கே யாராவது சொல்லக்கூடும். அப்போது அந்தத் தாளைக் காட்டுங்கள்.