திருக்கையின் இரைப்பையில் என்ன இருந்தது?

சுறாவும் திருக்கையும் எதைத் தின்கின்றன என்பது மீனவருக்கும் விலங்கியல் மாணவருக்கும் மட்டுமே உரிய கேள்வி என்று தோன்றலாம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இக்கேள்விக்குச் சரியான விடை தேடப்படுமுன் ஒரு விலங்கின் மீது குற்றம் சுமத்தப்பட்டது, தண்டனையும் நிறைவேற்றப்பட்டது. குற்றஞ்சாட்டியவர்கள் நல்ல நோக்கம் கொண்டவர்கள். அதனாலேயே இதை இங்கு எழுதுகிறேன்.

2007 மார்ச்சில் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ரான்சம் மயர்ஸும் சகாக்களும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. (அது அச்சேறும் தறுவாயில் மயர்ஸ் காலமானார்.) 1970 தொடக்கம் 2005 வரையான கணக்கெடுப்புகளை வைத்து அவர்கள் வாதிட்டது இதுதான்: மிகை மீன்பிடியால் 11 பெருஞ்சுறா இனங்கள் அருகின, அவற்றுக்கு இரையாகும் சிறு சுறா, திருக்கை இனங்கள் 14 இல் 12 பெருகின. அவற்றுள் ஒன்றான, மாட்டுமூக்குத் திருக்கை என்று பொருள்படும் பெயருடைய இனம், வட கரோலைனாவின் குடாக்களிலிருந்த ஸ்கலப் சிப்பிகளைத் தின்று தீர்த்தது. ஒரு நூற்றாண்டாக நடந்துவந்த ஸ்கலப் தொழில் மூடப்பட்டது.

சுறா, திருக்கை, ஸ்கலப் என்று மூன்று கண்ணிகள். விரிவுரை மண்டபத்தில் கரும்பலகையில் இரண்டு அம்புக்குறிகளால் வரைந்துவிடலாம். சுறாவைக் காப்பாற்றுங்கள் என்பதே கட்டுரையின் உட்கிடை. ஆனால் வாசித்தவர்கள் நடுக் கண்ணியையே பிடித்துக்கொண்டார்கள். செசபீக் குடாப் பகுதியில் 'குடாவைக் காப்பாற்று, திருக்கையைத் தின்' என்ற பிரசாரம் எழுந்தது.

நான் இப்போது ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டும் பகுதியில் நிற்கிறேன். பொருளில் பழுது கண்டால் வரிசையின் கடைசியில் நிற்பவனிடமே முதலில் விசாரிப்பார்கள். பழுது எந்த இயந்திரத்தில் தொடங்கியது என்பது பிறகுதான். திருக்கையின் வழக்கும் ஏறக்குறைய அவ்வாறே நடந்தது.

இரைப்பையைத் திறந்து பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். அது அவ்வளவு எளிதன்று. பிடிபடும் சுறாக்களில் பலவற்றின் இரைப்பை வெறுமையாகவே இருக்கும். கணவாயின் அலகு நாட்கணக்கில் தங்கும், மென்மையான புழு விரைவில் கரையும். ஆகவே கணவாய் உண்மையைவிட அதிகமாகத் தோன்றும். மாட்டுமூக்குத் திருக்கையில் சிக்கல் இன்னும் கூட. அது செட்டைகளை அடித்தும் நீரை உறிஞ்சி உமிழ்ந்தும் மணலைக் குழிபறிக்கும். தளக்கல் பதித்தாற்போன்ற பற்தட்டுகளால் ஓட்டை நொறுக்கி, ஓட்டுத் துண்டுகளைப் பெரும்பாலும் துப்பிவிடும். இரைப்பையில் எஞ்சுவது சதைக் கூழ். அது எந்தச் சிப்பியின் சதை? கண்ணால் பிரித்தறிவது கடினம் என்பதால் இப்போது டீ.என்.ஏ. சோதனையையும் நாடுகிறார்கள்.

இன்னொரு வழி நைதரசன்-15 சமதானி. உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் அதன் விகிதம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 3 உயரும். ஆனால் சுறாவின் தசையில் யூரியா தேங்கியிருக்கிறது. (சுறாவை அவித்து, நீரை ஊற்றிவிட்டு வறை செய்யும் எங்கள் வீட்டுப் பெண்களின் மூக்குக்கு இது தெரிந்ததே.) யூரியாவைக் கழுவி நீக்காமல் அளந்தால் சுறா தன் உண்மையான படியிலிருந்து கீழிறங்கிக் காட்சி தரும்.

இரைப்பையில் இருப்பதைக் கண்டும் காணாமல் விடுவதும் உண்டு. புளோரிடாக் கரையில் வாழும் சிறு கொம்பன்சுறா இனமொன்றின் வயிற்றில் கடற்புல் ஏராளமாக இருப்பது முன்பே அறியப்பட்டது. நண்டைப் பிடிக்கையில் தற்செயலாக விழுங்கியது என்று பலர் ஒதுக்கினர். 2018 இல் வெளியான ஆய்வில், காபன்-13 ஏற்றி வளர்த்த புல்லைத் தொட்டிச் சுறாக்களுக்கு ஊட்டிப் பார்த்தார்கள். புல்லின் சேதனப் பொருளில் ஏறத்தாழப் பாதியைச் சுறா சமித்தது. அதிலிருந்த காபன் அதன் உடலிலும் சேர்ந்திருந்தது. ஊனுண்ணி என்று நாம் வைத்த பெயர் புல்லைப் பார்க்கவிடவில்லை.

மீண்டும் வழக்குக்கு வருவோம். 2016 இல் டீன் கிரப்ஸும் சகாக்களும் மூன்று கண்ணிகளையும் தனித்தனியே சோதித்தனர். பெருஞ்சுறாக்களின் உணவுப் பதிவுகளில் இந்தத் திருக்கைக்குப் பெரிய இடமில்லை. திருக்கையின் உணவில் வணிகச் சிப்பிகள் அரிதே. மெல்லோட்டு மட்டிகளும் புழுக்களும் சிறு கிறஸ்ரேசியன்களுமே மிகுதி. காலக்கணக்கும் பொருந்தவில்லை: பல இடங்களில் சிப்பிகளின் சரிவு, திருக்கை பெருகியதாகச் சொல்லப்பட்ட காலத்துக்கு முந்தியது. செசபீக்கின் சிப்பிப் படுகைகளை 19ஆம் நூற்றாண்டிலிருந்தே மனிதர் வாரி எடுத்தனர். மிச்சத்தை நோய்கள் தாக்கின. வட கரோலைனாவின் ஸ்கலப்புகளை 1987 இல் நச்சு நுண்பாசிப் பெருக்கமும் தாக்கியது.

மயர்ஸ் தரப்பிடம் ஆதாரமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அவருடன் எழுதிய சார்ள்ஸ் பீற்றர்சன் முன்னரே ஸ்கலப் திட்டுகளைச் சுற்றிக் கம்புகளை நெருக்கி நட்டுப் பரிசோதித்தவர். வேலிக்குள் இருந்தவை தப்பின; வெளியே, அடர்த்தியாக இருந்த இடங்களில், திருக்கைக் கூட்டம் கடந்துபோனதும் அழிந்தன. திருக்கை ஸ்கலப்பைத் தின்னும் என்பதற்கு இது நல்ல சான்று. ஒரு குடாவின் சில திட்டுகளில் கண்டதை முழுக் கரைக்கும், முப்பது ஆண்டுகளுக்கும் நீட்டியதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

எல்லாவற்றிலும் எளிய கணக்கு ஒன்று இருந்தது. அதைத்தான் எவரும் முதலில் போட்டுப் பார்க்கவில்லை. இத்திருக்கை பருவமடையப் பல ஆண்டுகள் செல்லும். ஏறத்தாழ 11 மாதம் சுமந்து, பெரும்பாலும் ஒரே ஒரு குட்டியை ஈனும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் விலங்கு திடீரென வெடித்துப் பெருக முடியாது. ஆனால் வேகமாக அழிய முடியும். மேரிலண்டில் கோடை தொடங்கும்போது, ஈனுவதற்காகத் திருக்கைகள் ஆழமற்ற நீருக்கு வரும் வேளையில், வில்லும் அம்பும் கொண்டு வேட்டைப் போட்டிகள் நடந்தன. எய்து பிடித்தவற்றைத் தடியால் அடித்துக் கொன்றார்கள். அவற்றில் சினைப்பட்டவையும் இருந்தன. 2015 இல் அக்காட்சிகள் படமாக வெளிவந்து கண்டனம் எழுந்தது. 2017 இல் அம்மாநிலச் சட்டமன்றம் போட்டிகளுக்கு இடைக்காலத் தடை விதித்து, இத்திருக்கைக்கென ஒரு மீன்வள முகாமைத் திட்டம் வரையுமாறு பணித்தது.